நடவாள் கரையேறும் நேரம்

அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் அவரைத் திட்டாதவர் யாருமில்லை. நானும் திட்டியிருக்கிறேன். வாய்விட்டும், மனசுக்குள்ளும், டைப்ரைட்டர் சாவிகளை ஓங்கிக் குத்தியும். இன்று அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கடுப்புதான். அதை மறைத்துவிட்டு நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் அவருக்கே பிடிக்காது.

டெல்டாவில் ஒரு வருவாய்க் கோட்டத்துக்கு அவர் ஆர்.டி.ஓ. நான் அந்த ஆபீசில் சுருக்கெழுத்துத் தட்டச்சர். ஊர்ப்பேர் வேண்டாம். மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சி மாறி, ஆபீசுக்கு ஆபீஸ் தமிழ் டைப்ரைட்டர் வந்து இறங்கியிருந்த காலம். அதற்கு முன்பெல்லாம் சாட்சி தமிழில் சொல்வார், குமாஸ்தா இங்கிலீஷில் எழுதுவார், சாட்சி கைநாட்டு வைத்துவிட்டுப் போவார். நாங்கள் தமிழிலேயே எழுதினோம். ஆனால் அது ஆபீஸ் தமிழ். 'எங்கப்பன் காலத்துலேந்து உழுவுறேங்க' என்று ஒருவர் சொன்னால், 'மேற்படி நிலம் தனது தகப்பனார் காலந்தொட்டுத் தனது சாகுபடி அனுபவத்தில் இருந்து வருவதாகத் தெரிவிக்கிறார்' என்று அடிப்போம். கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்கிறேன்.'

அந்த வரியை நாங்கள் முன்கூட்டியே அடித்து வைத்துவிடுவோம். இது எங்கள் ஆபீஸ் வழக்கம் மட்டுமில்லை, நான் வேலை பார்த்த எல்லா ஆபீசிலும் இருந்தது. வேலை இல்லாத மத்தியானத்தில் ஐம்பது வெள்ளைத் தாள்களின் அடியில் அந்த ஒரு வரியை மட்டும் அடித்து அடுக்கி வைத்தால், விசாரணை நாளில் மேலே உள்ளதை நிரப்பினால் போதும். அவர் சார்ஜ் எடுத்த முதல் வாரம் என் மேசையில் அந்தக் கட்டைப் பார்த்தார். ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை யாருக்கு வாசிச்சுக் காட்டினீங்க?"

யாருக்குமில்லை, இது சும்மா வசதிக்கு என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "இன்னும் சாட்சியே வரலியேம்மா. வராதவரு ஒப்புக்கிட்டாருன்னு எழுதி வச்சிருக்கீங்களே" என்று சந்தேகம் கேட்பது போல் கேட்டுவிட்டு நின்றார். ஐம்பது தாளையும் நானே கிழித்துக் கூடையில் போட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவை திட்டினேன்.

ஆள் ஒல்லி. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். இராமநாதபுரம் பக்கத்து வறண்ட பூமியில் பிறந்தவர், நெல் எந்த மாதம் எந்த உயரத்தில் இருக்கும் என்று கூடத் தெரியாது. குரல் மட்டும் வித்தியாசமாக இருக்கும். ரேடியோவில் மேட்டூர் அணை நீர்மட்டம் வாசிப்பார்களே, அந்த மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத குரல். அந்தக் குரலில்தான் எதையும் வாசித்துக் காட்டுவார். விசாரணையில் அடித்த ஒவ்வொரு தாளையும், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை, சாட்சியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து வாசிப்பார். சாட்சி தலையாட்டும் வரை அடுத்த வரிக்குப் போக மாட்டார். அரை மணியில் முடிகிற விசாரணை இரண்டு மணி நேரம் இழுக்கும். வக்கீல்கள் கொட்டாவி விடுவார்கள்.

சாட்சி சொன்ன வார்த்தையையே அடிக்க வேண்டும் என்பது அடுத்த உத்தரவு. சாகுபடிதாரர் பதிவு நடந்துகொண்டிருந்த சமயம். குத்தகைக்காரர் ஒரு பெரியவர், தன் மிராசுதாரைப் பற்றி வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். நான் நாலு வார்த்தையை விட்டுவிட்டு அடித்தேன். இவர் விடவில்லை, சேர்க்கச் சொன்னார். பிறகு மிராசுதாரையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு அந்த வசவு முழுவதையும் நீர்மட்டம் வாசிக்கும் குரலில் வாசித்தார். நான் மெஷினுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன். வாசித்து முடித்ததும் பெரியவருக்கே கூச்சம் வந்துவிட்டது. "அந்த ரெண்டாவது வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க சாமி, அவங்க ஆத்தா நல்லவங்க" என்றார். அதையும் அப்படியே குறித்துக்கொண்டு அந்த வார்த்தையைக் கோடு போட்டு எடுத்தார்.

ஆபீசுக்குள்ளும் இதே கதைதான். பியூன் வயிற்றுவலி என்று லீவு லெட்டர் கொடுத்தால் அதை அவனுக்கே வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்பார். பாவம், அவன் மூன்றாவது தடவையில், வயிற்றுவலி இல்லை சார், கொழுந்தியாளுக்கு நிச்சயதார்த்தம் என்று சொல்லிவிட்டான். லீவு கொடுத்தார். காரணத்தை மட்டும் திருத்தி எழுதச் சொன்னார். அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர்களுடையது சீர்திருத்தக் கல்யாணமாம். தலைமை தாங்கியவருக்கு அன்றைக்கே இன்னும் நாலு கல்யாணம் இருந்ததால் உறுதிமொழியை வேகமாக வாசித்துவிட்டு மாலையை எடுத்தாராம். இவர், "ஒரு நிமிஷம், அவங்களுக்குக் கேட்டிருக்காது" என்று தாளை வாங்கி, மணப்பெண்ணுக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டினாராம். "மேடையிலேயே எனக்கு அழுகை வந்துடுச்சு. இந்த ஆளோட எப்படிக் காலம் தள்ளப் போறோம்னு" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி என்றுதான் எல்லாரும் சொன்னோம்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதில் மட்டும் அவருக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. கோட்ட மாஜிஸ்திரேட் என்கிற முறையில் ஸ்டேஷன்களைப் போய்ப் பார்க்கும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்கு உண்டு. மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை போய் இளநீர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவார்கள். இவர் சொல்லாமல் போவார். இளநீரைத் தொட மாட்டார். லாக்கப்பில் இருப்பவரிடம் பேர் கேட்டு, பதிவேட்டில் அவரைப் பற்றி எழுதியிருப்பதை அவருக்கே வாசித்துக் காட்டுவார். போலீஸ்காரர்களுக்கு எரிச்சல் வரும். ரெவின்யூக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று முணுமுணுப்பார்கள்.

அதற்கு அவர் ஒரு சரித்திரம் சொல்வார். முன்னொரு காலத்தில் வரி வசூலித்த தாசில்தார்தான் போலீசும். கிஸ்தி கட்டாத குடியானவனை வெயிலில் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றியது நம்முடைய ஆபீஸ்தான். அந்த அக்கிரமம் சீமை வரை நாறி, விசாரணை நடந்து, அப்புறம்தான் போலீசைத் தனியாகப் பிரித்தார்கள். பிரித்த பிறகு, போலீஸ் பிடியில் ஒருவன் செத்தால் போலீசே விசாரித்துக்கொள்ளக் கூடாது, வெளியாள் விசாரிக்க வேண்டும் என்று அந்த வேலையை ஆர்.டி.ஓ. தலையில் கட்டினார்கள். "அடிச்ச கையிலயே விசாரணைய குடுத்திருக்காங்க. அதனால நாம கொஞ்சம் அடக்கமா கேக்கணும்" என்பார். எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று விட்டுவிட்டேன்.

அந்த நடவுப் பருவத்தில் எங்கள் கோட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒருவர் செத்தார்.

விவசாயக் கூலிக்காரர். கீழத்தெருவில் சங்கத்தை நடத்தி வந்தவர். போலீஸ் சொன்னது இது: அன்று மாலை ஆறு மணிக்குக் கடைத்தெருவில் லாரி மீது கல் எறிந்தார், அங்கேயே கைது செய்தோம், ஆறரைக்கு ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த உடனே நெஞ்சு வலி என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. அரை மணி நேரம் கூட எங்களிடம் இல்லை, நாங்கள் எப்படிப் பொறுப்பு? கேட்டால் நியாயம் போலத்தான் இருந்தது. உடம்பில் காயம் இருந்தது. கைதுக்கு முன்னால் கடைத்தெருத் தள்ளுமுள்ளில் பட்டது என்று எழுதியிருந்தார்கள். ஆக, அவரை எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்பதுதான் கேள்வி. எல்லாம் அந்த ஒன்றில் நின்றது.

விசாரணையை அவர் பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளிக்கூடத்தில் வைத்தார். போலீஸ் பங்களா வேண்டாம், மிராசுதார் வீட்டு மாடி வேண்டாம். பஸ்ஸில்தான் போனோம். பியூன் டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். போகும் வழியில் ஸ்டேஷனில் இறங்கி, அன்றன்று நடப்பதைக் குறிக்கும் பொது நாட்குறிப்பை வாங்கிப் பார்த்தார். பழைய பக்கங்களெல்லாம் எண்ணெய்க் கை பட்டுப் பழுத்திருந்தன. அந்த ஒரு நாளின் பக்கம் மட்டும் புதுத்தாளாக வெளேரென்று இருந்தது. அவர் அதை எனக்கும் காட்டிவிட்டு மூடினார்.

செத்தவரின் மனைவிக்கு முப்பது வயது இருக்கும். அழவில்லை. பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று நின்றார். பிறகு ஆர்.டி.ஓ. தன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டதும், அந்தப் பெண் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். மிராசுதார் பண்ணையில் நடவு. அந்தப் பெண் வயலுக்குள் இருந்தார். புருஷன் வரப்பில் நின்றார். பந்தோபஸ்துக்கென்று பண்ணையின் ரைஸ்மில்லில் தங்கியிருந்த போலீஸ்காரர்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு மில்லுக்குள் போனார்கள். இவ்வளவையும் கோவையாகச் சொன்னார். எத்தனை மணி என்று கேட்டதற்கு, நடவாள் கரையேறுகிற நேரம் என்றார்.

அப்போதே மணி நாலரை ஆகியிருந்தது. ஐந்தே காலுக்கு எனக்குப் பஸ். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. குழந்தை பக்கத்து வீட்டில். அப்பாவுக்கு எங்கள் ஊரில் அரை வேலி நிலம் இருந்தது. பிறந்ததிலிருந்து நடவைப் பார்த்தவள் நான். விடிகாலையில் இறங்குகிற பெண்கள், சூரியன் தென்னை மரத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சேற்றை விட்டு ஏறுவார்கள். நடவாள் கரையேறும் நேரம் என்றால் எனக்கு அது ஆறு மணி. வேறாக இருக்கும் என்ற நினைப்பே வரவில்லை. சொன்ன வார்த்தையையே அடிக்க வேண்டும் என்ற உத்தரவு இருந்தும், மணி என்கிற இடத்தில் மணியைப் போடுவதுதானே ஒழுங்கு என்று, 'மாலை சுமார் ஆறு மணியளவில்' என்று அடித்தேன். அடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது சார், நான் சரியாகத்தான் அடித்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

வெளியே இன்ஸ்பெக்டர் ஜீப்போடு நின்றிருந்தார். மழை வரும் போல இருக்கிறது, டைப்பிஸ்ட் அம்மாவை வேண்டுமானால் நாங்கள் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம் என்று பவ்யமாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பியூன் மைப்பெட்டியைத் திறந்து அந்தப் பெண்ணின் கட்டை விரலில் மை கூடத் தடவிவிட்டான். இவர் தாளை எடுத்தார். வாசிக்க ஆரம்பித்தார்.

நான் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றேன். மனசுக்குள் என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. அவர் வரிவரியாகப் போனார். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே வந்தார். 'மாலை சுமார் ஆறு மணியளவில்' என்ற இடம் வந்தது.

"ஆறு மணின்னு நான் சொல்லலியே அய்யா."

அவர் நிமிர்ந்தார். வறண்ட பூமிக்காரர், அவருக்குத் தெரியாது. "நடவாள் கரையேறுற நேரம்னு சொன்னீங்க. அது எத்தனை மணி?" என்று கேட்டார்.

"ரெண்டு மணி. எங்கூர்ல ரெண்டு மணிக்குக் கரையேறிடுவோம். மூணு போகமா அப்படித்தான்."

இரண்டு மணிக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றால் ஆறரை வரைக்கும் அவர் எங்கே இருந்தார்? நாலரை மணி நேரம். அந்த நாலரை மணி நேரத்தையும் நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒரே வரியில் அழித்துவிட்டிருந்தேன். அழித்ததன் கீழே, செத்தவனுடைய பெண்டாட்டியின் கைநாட்டு விழ இருந்தது. போலீஸ் கேஸுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

அவர் கையிலிருந்த தாளை உருவி எறிந்துவிட்டுப் புதுத்தாள் சொருகினேன். ஐந்து நிமிஷம் சார், சுத்தமாக அடித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நான் கெஞ்சினேன். அடித்தல் திருத்தல் இருந்தால் மேலே சந்தேகப்படுவார்கள், என் தப்புக்கு இவர்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்றேன். கீழே கிடந்த தாளைக் குனிந்து எடுத்து, நீவிக்கொண்டே சொன்னார்.

"ஸ்டேஷன்ல ஒரு பக்கம் புதுசா இருந்துச்சே, பாத்தீங்கல்ல? அதைத் தப்புன்னு நான் எழுதப் போறேன். நாமளும் ஒரு பக்கத்தைப் புதுசா அடிச்சா, எந்த வாயால எழுதறது?"

ஆறு மணியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே தன் கையால் 'நடவாள் கரையேறும் நேரம், பிற்பகல் இரண்டு மணி' என்று எழுதி, பக்கத்தில் 'தட்டச்சில் நேர்ந்த பிழை' என்று குறித்து, சுருக்கொப்பம் போட்டார். மூன்று பிரதியிலும் அதே மாதிரி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் அந்தப் பெண்ணின் கைநாட்டு. பஸ் போய்விட்டது. ஜீப்பில் ஏற அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டு வண்டி ஒன்று பிடித்து மெயின் ரோட்டுக்கு வந்தோம். வழியில் அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

மறுநாள் மிராசுதாரின் பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் சாட்சி சொல்ல வந்தார். போலீஸ் பக்கத்துச் சாட்சி. செத்தவர் எப்படிப்பட்ட ரௌடி என்று சொல்வதற்காக வந்தவர். ஊரில் நடவு வேலை எப்படி நடக்கிறது என்று இவர் பொதுவாகத்தான் கேட்டார். அவ்வளவுதான், மனுஷன் மனக்குறையைக் கொட்டித் தீர்த்துவிட்டார். முன்னெல்லாம் பொழுது சாய்கிற வரைக்கும் நிற்பார்கள் சார், இவன் சங்கம் வைத்து, தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை என்று உட்கார்ந்து, இரண்டு மணி என்று வாங்கிவிட்டான். அன்றைக்குக்கூட நாற்று முடி முடியாகக் கிடக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் நின்றால் என்ன என்று நான் கத்துகிறேன். இவன் வரப்பில் வந்து நின்று கையைத் தட்டுகிறான், அத்தனை பேரும் கரையேறிவிட்டாள்கள். என்ன அக்கிரமம் சார் இது என்றார்.

அப்போது மணி இரண்டா என்று கேட்டார் இவர். ஆமாம், கரெக்டாக இரண்டு என்றார் காரியக்காரர். கையைத் தட்டிய பிறகு அவர் எங்கே போனார் என்று கேட்டார் இவர்.

காரியக்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் இந்தத் தடவை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்திருந்தேன். 'என்ன அக்கிரமம் சார் இது' வரைக்கும். அவர் அதை வாசித்துக் காட்டியபோது, தான் சொல்லவே இல்லை என்று காரியக்காரரால் சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அறிக்கை நாற்பது பக்கம். இரண்டு மணியிலிருந்து ஆறரை வரை இறந்தவர் போலீஸ் பிடியில் ரைஸ்மில்லுக்குள் இருந்தார், காயங்கள் அங்கே ஏற்பட்டவை, பொறுப்பான போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்குப் பதிய வேண்டும் என்பது முடிவு. அதிலேயே ஒரு பத்தி, சாட்சியின் வாக்குமூலத்தில் முதலில் நேரம் தவறாகப் பதிவானது, அது என் அலுவலகத்தின் தவறு, சாட்சியின் தவறல்ல என்று இருந்தது. என் பேர் இல்லை. அறிக்கை மேலே போயிற்று.

மேலே போனது போனதுதான். அந்தப் பெண் மாசத்துக்கு ஒரு தடவை வருவார். நடவு இருந்தால் மத்தியானத்துக்கு மேல், இல்லாவிட்டால் காலையிலேயே. உத்தரவு வந்துவிட்டதா என்று கேட்பார். இன்னும் இல்லை அம்மா என்று இவர் எழுந்து நின்று சொல்வார். ஒரு தடவை கூட, வரும்போது சொல்லி அனுப்புகிறோம், இனிமேல் வராதீர்கள் என்று சொன்னதில்லை. நான் சொல்லலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அவங்க வந்து கேட்கட்டும், கேட்கத்தான் நாம இருக்கோம் என்றார்.

ஒரு வருஷம் கழித்து இரண்டு உறைகள் ஒரே தபாலில் வந்தன. ஒன்று, அவருக்கு மாற்றல். எங்கேயோ சிறுசேமிப்பு வேலை, கோட்டமும் இல்லை, மாஜிஸ்திரேட் அதிகாரமும் இல்லை. இன்னொன்று அந்த உத்தரவு. மேலே 'இரகசியம்' என்று முத்திரை. ஒரே பக்கம். இறந்தவரின் மனைவி முதலில் மாலை ஆறு மணி என்றே கூறியுள்ளார், பின்னர் அது பிற்பகல் இரண்டு மணி என்று திருத்தப்பட்டுள்ளது, திருத்தம் விசாரணை அதிகாரியின் கையால் செய்யப்பட்டுள்ளதால் அதை நம்புவதற்கில்லை. காரியக்காரர் தான் வேறொரு நாளைப் பற்றிச் சொன்னதாகப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருக்கிறார். எனவே மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது.

எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்கு ஐந்து நிமிஷம் கொடுத்திருந்தால் ஒரு சுத்தமான தாள் மேலே போயிருக்கும், உங்கள் வீம்புதான் அந்தப் பெண்ணைக் கெடுத்தது என்று மூஞ்சிக்கு நேரே கேட்டுவிட்டேன். அதிகாரியிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இருக்கலாம்மா. நானும் அதையேதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார்.

அவருக்கு அங்கே கடைசி நாள். மத்தியானத்துக்கு மேல் அந்தப் பெண் வந்தார். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. உத்தரவு வந்துவிட்டதா என்று வழக்கம் போலக் கேட்டார். இரகசியத் தாளை யாருக்கும் காட்டக் கூடாது. காட்டினால் வேலை போகும். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். உட்காரச் சொன்னார். உத்தரவை எடுத்து, முத்திரையில் இருந்த 'இரகசியம்' என்ற வார்த்தையிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் வாசித்தார். புரியாத இடங்களை நிறுத்திச் சொன்னார். கடைசியில், அன்றைக்குப் புதுத்தாளில் அடிக்க விட்டிருந்தால் ஒருவேளை உங்கள் வாக்குமூலம் செல்லுபடியாகியிருக்கும், வேண்டாம் என்றது நான்தான் என்றும் சொன்னார்.

நான் சும்மா இருக்க முடியாமல் முன்னால் வந்தேன். "ஆறு மணின்னு போட்டது நான்தாம்மா. எங்க ஊர்ல ஆறு மணிக்குத்தான் ஏறுவாங்க. உங்க ஊர்லயும் அப்படித்தான் இருக்கும்னு..."

அந்தப் பெண் என்னை நெடுநேரம் பார்த்தார். வெறுப்பு இருந்திருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது அவரு கேட்டு வாங்குன நேரம்மா" என்றார். "அதுக்குத்தான் அடிச்சாங்க." பிறகு அவர் பக்கம் திரும்பினார். "நீங்க மறைக்காம வாசிச்சீங்க. எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் எதையும் வாசிச்சதில்ல. ஆனா அதுக்காவ நான் சரின்னு சொல்ல மாட்டேன் அய்யா. இது போதாது."

அவர் என்னிடம் ஒரு தாள் சொருகச் சொன்னார். அரசின் உத்தரவு சாட்சிக்கு வாசித்துக் காட்டப்பட்டது, அதன் பேரில் சாட்சி சொல்வது என்று சொல்லி நிறுத்தினார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சொன்னதைத்தான் எழுதணும் என்றார் அந்தப் பெண். 'போதாது' என்று அடித்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இப்படி ஒரு தாளை வாங்க எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று எனக்கு இன்றும் தெரியாது. உத்தரவை வாசித்துக் காட்டியதைத் தானே எழுதிக் கொடுத்தது தன் கழுத்துக்கே கயிறு என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை.

தாளை உருவிக் கொடுத்தேன். வாசிக்க எடுத்தார். ஒரு வரியும் ஒரு வார்த்தையும்தான், சட்டென்று முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதல் தடவை ஆரம்பித்துக் குரல் உடைந்து நின்றது. எத்தனையோ பேர் கதறியதையும் ஏசியதையும் நீர்மட்டம் போல வாசித்த குரல். தண்ணீர் குடித்தார். மறுபடி ஆரம்பித்தார். அதுவும் முடியவில்லை. அந்தப் பெண் எழுந்து அவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மெதுவா வாசிங்கய்யா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். மூன்றாவது தடவையில் வாசித்து முடித்தார்.

சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அந்தப் பெண் கைநாட்டு வைத்தார்.